கோழிக் கன்னத்துக் கறுப்புப் பொட்டு

வூல் கோழி என்றால் பலருக்கும் உடனே விளங்குவதில்லை. தேநீர் ஊற்றி வைக்கிற டீப்பொட்டின் மேல் கவிழ்த்து வைக்கிற உறைதான் அது, தேநீர் ஆறிப் போகாமல் இருக்க. மற்றவர்கள் அதைத் தொப்பி மாதிரிப் பின்னுவார்கள். நான் குரோஷே ஊசியில் கம்பளி நூலால் கோழியாகவே பின்னிவிடுவேன். கொண்டை சிவப்பு, அலகு மஞ்சள், உடம்பு அன்றைக்குக் கையில் அகப்படுகிற நிறம். டீப்பொட்டின் மேல் சப்பென்று உட்கார்ந்து அடைகாக்கும். விருந்துக்கு வந்தவர் கோழியைத் தூக்கினால் அடியில் முட்டைக்குப் பதிலாகத் தேநீர் இருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு மாத்தளை டவுனுக்குள்ளேயே, கோயிலுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. ரோட்டைப் பார்த்தபடி ஒரு முன்னறை. வீட்டில் நல்ல வெளிச்சம் விழுகிற ஒரே அறை அதுதான். கறுப்பு வூல் எது, கருநீலம் எது என்று அங்கே வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். முதலில் ஜன்னலோரம் ஒரு கதிரை மட்டும் போட்டிருந்தேன். பிறகு வூல் மூட்டை வந்தது, பிறகு அதை அடுக்கத் தட்டு வந்தது, கடைசியில் கோழிகள் அறையையே பிடித்துக்கொண்டன. மிளகு, கராம்பு வாங்கி விற்கிற கடையில் வேலை செய்யும் என் கணவர் சாயங்காலம் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குக்கூட இடம் தேட வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து டியூஷன் கொடுக்கிற சேர் ஒருவர் முன்னறையை வாடகைக்குக் கேட்டார். என் மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

"நல்ல மனுஷன். புள்ளைங்க சத்தம் இருந்தா வீட்டுக்கும் நல்லதுதானே. ரூமச் சும்மா கோழிக்கு விட்டு வெச்சிருக்கோம்."

"சும்மா இல்ல அத்தை, யாவாரம் பண்றேன்" என்றேன்.

"யாரு வாங்குனா?"

பக்கத்து வீட்டு அக்கா, நாத்தனார், கணவரின் முதலாளி மனைவி, என்னோடு படித்தவள் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரிஞ்சவங்க வாங்குறது யாவாரம் இல்லம்மா, மொய்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பொய் என்றால் அவ்வளவு வந்திருக்காது. கணவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிற போக்கில் தீர்ப்புச் சொன்னார்.

"தேர் வரைக்கும் பாப்போம். நம்மள யாருன்னே தெரியாத ஒருத்தர் ஓடர் குடுத்தா ரூம் உனக்கு. இல்லன்னா சேருக்கு."

மாசி மகத் தேருக்கு அப்போது அதிக நாள் இல்லை. பந்தல் கம்புகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. இந்த ஊரில் எனக்குத் தெரியாத ஆளை நான் எங்கே போய்ப் பிடிப்பது? போனில்தான் பிடிக்க வேண்டும்.

நாட்டின் எல்லாப் பக்கமும் இருந்து பின்னுகிறவர்கள், தைக்கிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள் எல்லாம் சேர்ந்த குரூப் ஒன்றில் நான் ஏற்கனவே இருந்தேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அங்கே கலந்து ஓடும். நடத்துகிற அம்மா மிகவும் கண்டிப்பானவர். விற்பனைப் பேச்சு சனிக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் வேலையைக் காட்டலாம், கதை பேசலாம், விலை பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் போஸ்ட் போய்விடும், இரண்டாம் தடவை ஆளே போய்விடுவார்.

முதல் சனிக்கிழமை நான் எழுதியதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "கண்ணைக் கவரும் கைவண்ணம், தரத்தில் நிகரற்றது, உங்கள் இல்லத்திற்கு ஓர் அழகுப் பொக்கிஷம்" என்று கல்யாண மண்டப விளம்பரம் போல் எழுதியிருந்தேன். போதாததற்கு நாத்தனாரைக் கூப்பிட்டு ஆதரவு தரச் சொன்னேன். அவள் சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூட்டிவந்துவிட்டாள். "சூப்பர் அண்ணி", "வாழ்த்துகள் மருமகளே" என்று வரிசை கட்டி வந்தார்கள். கணவரின் சித்தப்பா ஒருவர் ரோஜாப் பூப் படத்தோடு காலை வணக்கம் வைத்தார். இத்தனை பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் தெரியாத ஆள் எப்படி உள்ளே வருவார்? ஒருவர்கூட வரவில்லை.

இரண்டாம் சனிக்கிழமைக்குச் சொந்தக்காரர்களை எல்லாம் அடக்கி வைத்தேன். கோழிகளை ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்து, காலை வெயில் போவதற்குள் அவசரமாக ஒரு படம் எடுத்தேன். அதை எடுப்பதற்கு முதல் நாள் மாமியாரிடம் பெருமையாக, "நாளைக்கு ஆயிரக்கணக்கான பேரு இதப் பாப்பாங்க அத்தை" என்று சொல்லி வைத்திருந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

படம் நன்றாகத்தான் ஓடியது. லைக் ஏற ஏற நான் போனை எடுத்துக்கொண்டு குசினிக்கும் முன்னறைக்கும் நடந்தேன். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"அது என்ன நம்பரு ஏறிக்கிட்டே போகுது?"

"பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்றவங்க, அத்தை."

"முகம் தெரியாத சனமா? அத்தன கண்ணா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி மேசையில் வைத்து, உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து போனை மூன்று சுற்றுச் சுற்றி, அவற்றைப் பின்பக்கத்து விறகடுப்பில் போட்டார். வீடு முழுக்க நெடி. நான் இருமிக்கொண்டே ஓடினேன். அவரும் இருமினார், ஆனால் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

இருமல் அடங்கி நான் போனைப் பார்த்தபோது ஒரு கொமண்ட் வந்திருந்தது. பின்னல் வேலை தெரிந்தவர்கள் படத்தைச் சும்மா பார்க்க மாட்டார்கள், பெரிதாக்கித் தையல் தையலாகப் பார்ப்பார்கள். "இடது கன்னத்தில் கறுப்பாக என்ன? நூல் முடிச்சு வெளியே வந்துவிட்டதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், "எல்லாக் கோழிக்கும் இருக்கிறதே, பூஞ்சணமா?" என்று கேட்டிருந்தார்.

பூஞ்சணமா! முன்னறைக்கு ஓடிப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாக் கோழிக்கும் இடது கன்னத்தில் கறுப்பு வூலில் ஒரு பொட்டு. என் ஊசி, என் வூல். முடிச்சு உள்பக்கம் தெரியாமல் மறைத்திருந்தது. வேலை சுத்தம் என்பதை அந்தக் கோபத்திலும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

"அத்தை, கோழிக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"பின்ன? அத்தன பேரு பாக்கப் போறாங்கன்னு நீதானே சொன்ன. புள்ளைக்குப் பொட்டு வெக்காமலா வெளிய தூக்கிட்டுப் போவோம்?"

"இது வூலு அத்தை, புள்ள இல்ல!"

"ராவும் பகலும் மடியில வெச்சிருக்கியே, பின்ன அது என்ன?"

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒவ்வொரு பொட்டாக வெட்டி எடுத்தேன். ஆத்திரத்தில் ஒரு கோழியின் கன்னத்துத் தையலும் சேர்ந்து அறுந்து, கழுத்துவரை பிரிந்து வந்தது. மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண் பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் பிரிந்து விழுந்த நூலைப் பொறுக்கிச் சுற்றி வைத்துவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பளிச்சென்ற கன்னங்களோடு கோழிகளைப் போட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை. தேருக்கு ரோட்டில் கொடி கட்டிவிட்டார்கள். டியூஷன் சேர் வந்து, வெள்ளைப் பலகையை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று என் வூல் தட்டுக்கு மேலாகக் கையை நீட்டி அளந்துவிட்டுப் போனார். அவர் போனதும் நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அந்த அறை வேண்டும். அந்த வெளிச்சம் வேண்டும். என் கையால் செய்ததை, என் முகத்துக்காக இல்லாமல், அதற்காகவே ஒருவர் வாங்க வேண்டும்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான். குசினியில் எங்கள் சொந்த டீப்பொட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கோழியை மட்டும் நான் கத்தரிக்க மறந்திருந்தேன். அதன் கறுப்புப் பொட்டைக் கிட்டத்தில் படம் எடுத்தேன். பூஞ்சணம் இல்லை, இது என் மாமியாரின் வேலை என்று தொடங்கி, போனுக்கு மிளகாய் சுற்றியது, நான் கத்தரித்தது, ஒரு கோழி கழுத்துவரை பிரிந்தது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அது செவ்வாய்க்கிழமை. விலையும் இல்லை, பொக்கிஷமும் இல்லை. கீழே சிங்களத்திலும் எழுதினேன், திட்டுவதை எல்லோருக்கும் விளங்கத் திட்ட வேண்டும் அல்லவா.

குரூப் சிரித்து உருண்டது. ஒருவரின் அம்மா தையல் மெஷினுக்குக் கண் படாமல் தேசிக்காயும் மிளகாயும் கட்டியிருக்கிறாராம். இன்னொருவர் படம் போட்டால், கீழே யாராவது கண்ணேறுக்குக் காப்பாக மாஷா அல்லாஹ் என்று எழுதும்வரை அவருடைய மாமி கையைப் பிசைந்துகொண்டே நிற்பாராம். கண்டிப்பான அந்த அம்மாகூடச் சிரிப்பு முகம் ஒன்று வைத்தார். அன்று பின்னேரம் தனியாக ஒரு செய்தி வந்தது, சிங்களத்தில். இரத்தோட்டைக்கு மேலே மலையில் சின்னக் கெஸ்ட் ஹவுஸ் ஒன்று நடத்துகிற பெண். தங்கள் இடத்துக் காற்றில் தேநீர் மேசைக்கு வருவதற்குள் ஆறிப் போகிறது, மேசைக்கு ஒரு கோழி வேண்டும் என்று எழுதியிருந்தார். "ஆனால் பொட்டு இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வைப்போம். பொட்டு இல்லாத கோழி எனக்கு வேண்டாம்."

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. பொலிஸ் மாதிரி விசாரணையைத் தொடங்கினேன். மாத்தளையில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா? மிளகுக் கடையில் யாரையாவது? என் நாத்தனாரை? பாவம், அவர் என்ன நினைத்தாரோ. "மன்னிக்கவும், உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது" என்று பதில் வந்தது. அதைப் போல் இனிப்பான வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

மாமியாரிடம் காட்டினேன். "நெசமாவே தெரியாதவங்களா? நல்லா விசாரிச்சியா?" என்றார். விசாரித்தேன் என்றேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னறைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். நான் கோழியை எடுத்து நீட்ட நீட்ட, அவர் பொட்டு வைத்தார். ஒன்று கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "திருஷ்டிக்கு அளவு நாடாவா வெக்கணும்?" என்றார். அன்றிரவே கணவர் டியூஷன் சேருக்குத் தகவல் சொன்னார். சப்பாத்து இனி எங்கே கழற்றுவது என்று மட்டும் என்னைக் கேட்டார்.

தேர் முடிந்து ரோட்டில் இன்னும் கற்பூர வாசம் இருந்த காலையில், கோழிகளை இரண்டு பெரிய பைகளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அந்தப் பெண் இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது மாமியார், "இரு" என்றார். வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பி, விரலில் இருந்த மையை இடது கன்னத்தில் வைத்தார்.

"அத்தை, நாப்பது வயசாச்சு எனக்கு. பஸ்ஸில சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். தெரியாதவங்ககிட்டப் போறது இன்னிக்கு நீதானே."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தைத் தொட்டது அன்றுதான். பஸ்ஸில் கைக்குட்டையை எடுத்தேன், கண்ணை மட்டும் துடைத்தேன்.

இரத்தோட்டையில் இறங்கினால் ஒரே சனம். தோட்டத்துப் பஸ்கள் இரண்டு ஒன்றாக வந்து நின்றிருந்தன. அப்போதுதான் உறைத்தது, எங்களில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. என் புரொபைல் படத்தில் இருப்பது கோழி, அவருடையதில் மலை. கோழிகளோ பைக்குள். போனை எடுப்பதற்குள் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து பையில் கை வைத்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டு மாமியாரிடம் எல்லாம் சொன்னேன். அவர், "சரி, இப்ப அவங்களும் தெரிஞ்சவங்களாயிட்டாங்க" என்றார். "வேற ஆளப் பாரு."