ரீச்சர் சாப்பிட்ட மூன்று ரொட்டி

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஓய்வுபெற்ற ரீச்சர். குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நாங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கலவரத்தில் அடிவாங்கி ஓடி, கனகராயன்குளத்துப் பக்கம் குடியேறியவர்கள். இரண்டு வீட்டாரும் வந்தேறிகள்தான். அவர்கள் பஸ்ஸில் வந்தார்கள், நாங்கள் லொறியில் வந்தோம். அதனால் அவர்களுக்கு ஏதோ உசத்தி.

அந்த உசத்தியைச் சாப்பாட்டில்தான் காட்டுவார்கள். கத்தரிக்காய், மரவள்ளி, முருங்கைக்காய் என்று எதைக் கொடுத்தாலும் பல்லெல்லாம் தெரிய வாங்குவார்கள். சமைத்தது மட்டும் ஆகாது. தைப்பொங்கலுக்கு அம்மா கொடுத்தனுப்பும் பொங்கலை ரீச்சர் மரியாதையாக வாங்கி, நாங்கள் வாசற்படலையைத் தாண்டியதும் மாட்டுக்கு வைப்பார். எங்கள் சமையலில் கொழுத்த மாடு அது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சமம் என்று எனக்குப் படிப்பித்தவரும் இதே ரீச்சர்தான்.

யுத்தம் முடிந்து எல்லோரையும் முகாமில் அடைத்தபோது மட்டும் அவருக்கு இந்த ஆசாரம் மறந்துபோனது. நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவை அம்மா வெந்நீர் விட்டுப் பிசைந்து, தகர மூடியொன்றைத் தட்டையாக்கி அதில் தடித்த ரொட்டி சுடுவார். தோட்டத்து லயக் குடியிருப்பில் பழகிய கை. ரீச்சரும் மகனும் கூடார வாசலில் எங்களோடு குந்தியிருந்து தின்றார்கள். அந்தச் சில மாதங்கள்தான் அம்மா அவரைச் சிநேகிதி என்று நம்பிய காலம். ஊர் திரும்பி ரீச்சர் புதிதாக ஒரு மாடு வாங்கியதும் பொங்கல் மறுபடியும் அதற்கே போனது. ஆனாலும், ஒருநாளாவது அந்த மனுசி எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையை அம்மா விடவில்லை. எனக்கு அந்த ஆசையைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

போன ஆவணியில் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் மகன் கனடாவிலிருந்து வருகிறானாம். அங்கே அவன் 'எங்கள் ஊர் ரொட்டி' என்று சுட, சனி ஞாயிறில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் அதற்கென்றே கூடுமாம். என்ன செய்தும் முகாமில் தின்ற ருசி வரவில்லையாம். வந்திறங்கியதும் அதுதான் வேண்டுமாம். ரீச்சர் தானே சுட்டுப் பார்த்திருக்கிறார், சரிவரவில்லை. ஆக, எங்கள் லயத்து ரொட்டி கனடாவில் அவர்களுடைய பண்பாடாகிவிட்டது. எங்கள் பெயரைத்தான் காணோம்.

ரீச்சர் வெறுங்கையோடு வரவில்லை. மா, தேங்காய், உப்பு, தண்ணீர்ப் போத்தல், ரொட்டி சுட இரும்புத் தாச்சி எல்லாம் பையில் இருந்தன. எங்கள் வீட்டு உப்புக்குக்கூடத் தீட்டு. அம்மாவின் கை மட்டும்தான் தேவை. அதைக் கழற்றிக் கொண்டுபோக வழியிருந்தால் கொண்டுபோயிருப்பார்.

அனுப்பிவிடுங்கள் என்று அம்மாவுக்குக் கண்காட்டினேன். அம்மா பையை வாங்கி ஓரமாக வைத்தார். எங்கள் மாவைப் பிசைந்து, எங்கள் கல்லில் முதல் ரொட்டியைச் சுட்டு, பீங்கானில் வைத்து நீட்டினார்.

"மொதல்ல நீங்க உக்காந்து இத சாப்பிடுங்க. பொறகு தம்பிக்கு சுட்டுத் தர்றேன்."

ரீச்சர் வீதியைத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. குசினிக்குள் வந்து பலகையில் குந்தி, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். முழுவதையும் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார், பிறகு மூன்றாவதும். அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. என் மனமும் கொஞ்சம் இளகியது, பொய் சொல்லமாட்டேன்.

மகனுக்கான பொதியை வாங்கிக்கொண்டு எழுந்த ரீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் இஞ்ச இருந்து சாப்பிட்டதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. மகன் கேட்டாலும் நான் சுட்டதெண்டே சொல்லுங்கோ."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். இன்றுவரை அதைக் காப்பாற்றியும் வருகிறார்.

என்னிடம் ரீச்சர் வாக்குக் கேட்கவில்லை.