நேராகப் போன பஸ்

நேற்று பையன் புவியியல் நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். "இன்னாம்மா, வூட்டையா எழுதித் தர்ற? சீக்கிரம் போடும்மா" என்று சிரித்தான். நான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன். அதற்குள் ஒரு படம் கண்ணில் பட்டுவிட்டது. நீல ஸ்கெட்ச் பேனாவில் வளைந்த ஆறு, பக்கத்தில் பிறை மாதிரி ஒரு துண்டுத் தண்ணீர். கீழே 'குதிரைக் குளம்பு ஏரி'.

இந்தப் பாடம் நடந்தபோது பள்ளிக்கூடத்தில் நான் தூங்கியிருப்பேன். நான் அதைப் படித்தது ஒரகடத்தில், கம்பெனி கேன்டீனில், சாம்பாரில். சொல்லித் தந்தவள் மெர்சி. தபால் வழியில் புவியியல் பி.ஏ. முடித்துவிட்டு, லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று வயர் சொருகிக்கொண்டிருந்தாள். தட்டில் சோற்றைப் பரப்பி, விரலால் வளைத்து வளைத்து வாய்க்கால் இழுத்துச் சாம்பாரை விடுவாள்.

"பாரு, வளைவுல வெளிப்பக்கம் தண்ணி வேகமா போவுது, கரைய அரிக்குது. உள்பக்கம் மெதுவா போவுது, மண்ண வுட்டுட்டுப் போவுது. வளைவு பெருசாவப் பெருசாவ ரெண்டு முனையும் கிட்ட வந்துடும். நடுவுல கொஞ்சூண்டு மண்ணுதான். ஒரு வெள்ளம் வந்தா அதப் பிச்சிகினு நேரா பூடும்."

"அப்ப அந்த வளைவு?"

"அங்கியே கெடக்கும். ரெண்டு வாயிலயும் வண்டல் அடைச்சிக்கும். அப்புறம் ஆறு அந்தப் பக்கமே வராது."

பிறகு ஆற்றையும் ஏரியையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டுவிடுவாள்.

அவள் ஊர்க் குட்டையே அப்படி உண்டானதுதான் என்பாள். குன்றத்தூரில் நான் ஏறும் கம்பெனி பஸ், மெயின் ரோட்டை விட்டு ஒடித்து, அந்தக் குட்டையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போய், மறுபடி மெயின் ரோட்டுக்கு வரும். முன்பெல்லாம் அங்கே பத்துப் பேர் ஏறுவார்கள். ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போய், கடைசியில் மெர்சி மட்டும் மிஞ்சினாள். அவளோடு குட்டையின் பாசி வாடையும் ஏறும், அதில்தான் எனக்குத் தூக்கம் கலையும். ஜன்னல் சீட்டில் அவளுக்காக என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும்.

எங்கள் பஸ்ஸில் ஒரு பழக்கம். வருகைத் தாள் ஒரு அட்டையில் செருகி முன் சீட்டிலிருந்து கைமாறி வரும். இன்னும் ஏறாத பக்கத்து சீட்டுக்காரிக்கும் சேர்த்து நாமே கையெழுத்துப் போட்டுவிடுவோம். ஒரு நாள் முதல் ஷிஃப்ட், அட்டை வந்தது. அரைத் தூக்கத்தில் எனக்கும் போட்டேன், மெர்சிக்கும் போட்டேன், பின்னால் தள்ளினேன். அது வருகைத் தாள் இல்லை. பஸ் ஊருக்குள் போகாமல் நேராகப் போக எங்கள் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிய மனு.

சூப்பர்வைசர் அதை மெர்சியிடம் காட்டியிருக்கிறார். நேரே என்னிடம் வந்தாள்.

"என் கையெழுத்தும் நீதான் போட்டியா?"

"அட்டெண்டன்ஸுன்னு நெனச்சேண்டி. நான் போய் சொல்றேன்."

"சொன்னா இன்னா ஆவும்? நாப்பது பேரு போட்டுகீறாங்க. ஒருத்திக்காவ பஸ்ஸு வளையுமா? வுடு."

திட்டியிருந்தால் தேவலை. நானும் போய்ச் சொல்லவில்லை. பஸ் நேராகப் போனதால் தாமதமாகக் கிளம்ப, வீட்டில் கூடுதலாகக் கிடைத்த இருபது நிமிடத் தூக்கம் அப்போது எனக்கும் இனித்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மழைக்காலம் முழுக்க மெர்சி மெயின் ரோடு வரை சேற்றில் நடந்து வந்து ஏறினாள். பொங்கலுக்குள் வேலையை விட்டுவிட்டாள். முதலில் தினமும் போனில் பேசினோம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை. சண்டை ஒன்றும் இல்லை. போன வருடம் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

பஸ் இப்போது நேராகத்தான் போகிறது. பழைய திருப்பம் வரும்போது எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். பாசி வாடை வராது. பக்கத்தில் யாரோ புதுப் பெண், காதில் இயர்போன். அட்டை வரும். மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, என் பெயருக்கு நேரே மட்டும் போடுகிறேன்.