ராஜா காலத்தில் மிளகாய் ஏது?

குற்றம் சொல்கிற தொழில் இருக்கிறதே, அதைச் சும்மா செய்தால் வசவு கிடைக்கும், சம்பளத்துக்குச் செய்தாலும் வசவுதான் கிடைக்கும். மாமியார்களே, பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார்களே, அச்சாபீஸில் பிழை பார்க்கிறவர்களே, வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஒரு சினிமா கம்பெனி தீர்த்தமலை அடிவாரத்தில் டேரா போட்டிருந்தது. கதை என்னவென்றால், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் மலைச் சுனையில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்கிறான். கண்ணைத் திறந்தால் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜா காலத்தில் நிற்கிறான்! அவனுடைய சட்டை, கைக்கடிகாரம் எல்லாம் அப்படியே இருக்கும். மற்றவர்கள் அத்தனை பேரும் பழைய காலத்து ஆட்கள். அவர்களிடம் நம் காலத்துச் சாமான் எதுவும் ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பது என் உத்தியோகம்.

பெண் கேட்ட கதை

இண்டூர் மாதையனின் மகள் காவேரியைப் பாப்பாரப்பட்டிச் சந்தையில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் சம்மதம்தான். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண் கேட்டேன். மாதையன் என் உத்தியோகத்தை மூன்று தரம் விளக்கச் சொல்லிக் கேட்டார். ராஜா கையில் கடிகாரம் இருந்தால் கழற்றச் சொல்வேன் என்றேன், மந்திரி மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் பிடுங்கிவிடுவேன் என்றேன். உள்ளே காவேரி சிரிக்கிற சத்தம் கேட்டது. மாதையன் சிரிக்கவில்லை.

"இந்தாப்பா, குத்தம் சொல்றது எங்க வூட்ல தெனமும் சும்மாவே நடக்குது, அதுக்கு ஒருத்தன் சம்பளம் குடுக்கறான்னா நம்பற மாதிரி இல்ல. ஒரு நாளைக்கு வந்து என் கண்ணால பாக்கறேன், வேல நெலைக்கும்னு தெரிஞ்சாத்தான் பொண்ணு" என்றார்.

செக்கச்செவேல் என்று ஒரு பாறை

ராஜா சிம்மாசனம் போட்ட இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. காலையில் போய்ப் பார்க்கிறேன், பாறை முழுக்க மிளகாய் காய்கிறது! காமிராவில் சிவப்புத் தெரியாதுதான், ஆனால் மிளகாய் மிளகாயாகத் தெரியுமே. காயப்போட்ட அம்மாளிடம் போய், "ராஜா காலத்தில் மிளகாயே நம்ம நாட்டுக்கு வரலைங்க, வெள்ளைக்காரன் கப்பல்ல வந்ததுங்க, கொஞ்சம் அள்ளிடுங்க" என்று கெஞ்சினேன். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் ராஜாவையும் பார்த்தாள். ராஜா வேஷக்காரர் ஒல்லி.

"மொளகா இல்லாம களி தின்னானா? ஐயோ பாவம், அதான் அந்த ராஜா வம்சமே அத்துப் போச்சு!"

சொல்லிவிட்டு அவளே முறத்தை எடுத்துவந்து அள்ளினாள். நானும் கூட அள்ளினேன். அன்றைக்கு முழுக்கக் கண்ணைத் தொட முடியவில்லை.

சித்தேரிப் படைவீரர்கள்

போர் வீரர்களாகச் சித்தேரி மலையிலிருந்து விவசாயிகளைக் கூட்டி வந்திருந்தார்கள். ஆகா, என் கண்ணே குளிர்ந்தது! எல்லாருக்கும் குடுமி. கிராப்புத் தலை ஒன்றுகூட இல்லை. நடையும் உடம்பும் அசல் படைவீரர்கள்தான். ஆனால் தோளில் அம்மை குத்தின தழும்பு வட்டம் வட்டமாக இருந்தது. ராஜா காலத்தில் யார் அம்மை குத்தினார்கள்? கிண்ணத்தில் மஞ்சளும் கரியும் குழைத்து, வரிசையாக நிற்கவைத்துத் தோளுக்குத் தோள் பூசினேன். நாலைந்து பேருக்குப் பூசி முடித்ததும் ஒருவர் தோளை மூடிக்கொண்டு பின்வாங்கினார். பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"இத அழிச்சிப்புட்டா, அம்ம குத்தறவன் இன்னம் குத்தலைன்னு மறுபடியும் தொரத்திக்கிட்டு வருவானே சாமி, அப்ப நீங்க வந்து தோளக் குடுப்பீங்களா?"

சிம்மாசனத்துப் புகை

எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தால், ராஜா நீதி வழங்கும்போது சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து புகை சுருள் சுருளாக மேலே போகிறது. ராஜா பீடியை அணைக்காமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார், படுபாவி! "யாகப் புகைன்னு சொல்லிக்கலாமே" என்று அவரே யோசனையும் சொன்னார். டைரக்டர் அவரைத் திட்டவில்லை. ராஜாவைத் திட்ட முடியுமா? என் பக்கம் திரும்பினார்.

"பிலிமுக்கு அரிசி மாதிரி சர்க்கார்ல அளவு போட்டிருக்கான், போர்க் காட்சிக்கு ஒரே ஒரு டப்பாதான் மிச்சம். அதுல ஏதாவது வந்துச்சு, அன்னிக்கே நீ கரி பஸ் ஏறிடு."

பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு ஓட்டுகிற ஊர் பஸ் அது. அதில் ஏறினால் வேலை போகும். வேலை போனால் காவேரியும் போவாள்.

கடைசி டப்பா

போர்க் காட்சியன்று ஒவ்வொரு வீரனையும் தடவித் தடவிப் பார்த்தேன். கடிகாரம் இல்லை, பீடி இல்லை, பனியன் இல்லை. டைரக்டர் கையை அசைத்தார், காமிரா ஓட ஆரம்பித்தது. நடுவில் குமாஸ்தா வேஷக்காரர் சட்டையும் கடிகாரமுமாகத் திருதிருவென்று விழிக்கிறார். ரெண்டு பக்கமும் படை ஓடி வருகிறது. அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒருவர், விரித்த குடையோடு, நிதானமாக நடந்து வந்தார். மாதையன்! வேலையைக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார்.

ராஜாவுக்கு வெண்கொற்றக் குடை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வளைந்த பிடி போட்ட கறுப்புத் துணிக் குடை உண்டா? நிறுத்தச் சொன்னால் பிலிம் போச்சு. விட்டால் என் வேலை போச்சு. நல்லவேளை, சத்தத்தை அப்புறம் சேர்ப்பதாக ஏற்பாடு. அடித்தொண்டையில் கத்தினேன்: "குமாஸ்தா சார்! நம்ம காலத்துச் சாமான் உங்ககிட்டத்தானே இருக்கலாம்? அந்தக் குடை உங்களுது, புடுங்குங்க!"

மனுஷன் கெட்டிக்காரர். ஒரே பாய்ச்சலில் பிடுங்கி, மடக்கி, எதிரி முகத்துக்கு நேரே படாரென்று விரித்தார். எதிரித் தளபதியின் குதிரை மிரண்டு திரும்பி ஓடியது. அதன் பின்னாலேயே மொத்தப் படையும் விழுந்தடித்து ஓடியது! மாதையன் தலைப்பாகையும் வேட்டியுமாக நடுவில் நின்றார், அசல் ராஜா காலத்துக் குடியானவராக. டப்பா தீருகிறவரை டைரக்டர் நிறுத்தவே இல்லை. தீர்ந்ததும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அடுத்த படத்துக்கும் நீதான்யா" என்று கூத்தாடினார்.

மாதையன் என் எதிரில் வந்து நின்றார். இத்தனை பேர் முன்னால் அவர் கைக்குடையைப் பிடுங்கச் சொன்னவன் நான்தான். டைரக்டர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, கொடைய வாங்கிக் குடுங்க, வெயிலு மண்டையப் பொளக்குது."

ஆக, நான் தடுத்த ஆயிரம் தப்புக்கு ஒருவரும் ஒரு வெற்றிலைகூட நீட்டவில்லை, தடுக்க முடியாமல் போன ஒரே ஒரு தப்புக்குத்தான் ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டார்கள்.