நான்காவது வழியனுப்பு விருந்து

டூகல்ட் லாமண்ட் சாப்பாட்டு மேசையை ஒரு தட்டு தட்டினால் இன்னும் கொஞ்சம் பார்லிக் கஞ்சி வேண்டும் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் போதும். ஸ்காட்லாந்தில் கோவன் என்ற ஊரின் கப்பல் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய ஆணிகளை அறைவது அவன் வேலை. தகட்டுக்கு அந்தப் பக்கம் ஆணிக்கு முட்டுக்கொடுத்து நிற்பவனிடம் அந்த இரைச்சலில் வாயால் பேச முடியாது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் “தயாரா?” பதிலுக்கு ஒரு தட்டு வந்தால் “தயார், அடி.” பட்டறைப் பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது.

கனடாவுக்குப் போகிறேன் என்று மூன்று வழியனுப்பு விருந்து கண்ட மகராசன் அவன். அந்த விருந்துகளை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் மாடிக்கு ஒரு குடும்பமாகக் கப்பலேறிக் காலியாகிக்கொண்டிருந்த காலம். கட்டிய கப்பல் தண்ணீரில் இறங்கிய அன்றே கட்டியவனுக்கு வேலை போய்விடும்; பிறகு வீட்டில் அரைவயிறுதான். பிள்ளைகளோ புகையைக் குடித்து இருமிக்கொண்டிருக்கும். போகிறவர்கள் வீட்டில் கூடிப் பிடில் வாசிப்போம், ஆடுவோம், ஆளுக்கொரு பொருள் கொடுப்போம். தன் விருந்தில் டூகல்டே எல்லோரையும்விட உரக்கப் பாடுவான். மறுநாள் கப்பல் சீட்டு வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்புவான். முதல் தடவை, புதுக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான். அடுத்த தடவை, அம்மாவின் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும் என்றான். மூன்றாம் தடவை காரணம் சொல்லவே மறந்துவிட்டான்.

விருந்துக்கு விருந்து காலுறை பின்னிக் கொடுத்தவள் கீழ்வீட்டு பர்டி அம்மாள்.

“ஏம்ப்பா, உன் காலுக்குப் பின்னியே ஸ்காட்லாந்து ஆடெல்லாம் மொட்டையாயிடுச்சு. இந்தத் தடவையாவது கிளம்புவியா?”

டூகல்ட் அவள் வாயையே உற்றுப் பார்த்துச் சிரிப்பான். “இவ்வளவு நல்ல காலுறை கிடைக்கிற ஊரை விட்டு யாரும்மா போவா?”

ஒருநாள் அவன் முதுகுக்குப் பின்னால் அவன் மனைவி எஃபியின் கையிலிருந்து இரும்புச் சட்டி நழுவி விழுந்தது. குழந்தை ஜீன் அலறியது. அவன் திரும்பவில்லை. எஃபி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“எத்தனை நாளா மனுஷா?”

“தெரியல எஃபி. பட்டறையில எல்லாருக்கும் காது மந்தம்தானேன்னு இருந்தேன். கப்பல் ஏறுற இடத்துல டாக்டர் பார்ப்பானாம். செவிடன்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவானாம். எல்லார் முன்னாடியும் உன்னையும் குழந்தையையும் கூட்டிட்டு எப்படித் திரும்பி வருவேன்?”

“இதுக்கா மூணு விருந்து வச்சும் கிளம்பாம இருந்தே? இன்னொரு குளிர்காலம் ஜீன் தாங்க மாட்டா. அந்த டாக்டரை நான் பார்த்துக்கறேன்.”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சீட்டை முதலில் வாங்கிவிட்டுத்தான் நான்காவது விருந்துக்கு எங்களை அழைத்தாள்.

துறைமுக வரிசையில் டாக்டர் குனிந்து எழுதியபடியே கேள்வி கேட்டார். டூகல்டுக்கு அவர் தொப்பிதான் தெரிந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஒட்டி நின்ற எஃபி அவன் முதுகில் விரலால் ஒரு தட்டு தட்டினாள்.

“டூகல்ட் லாமண்ட், ஐயா.”

இரண்டு தட்டு.

“கப்பல் பட்டறை, ஐயா. ஆணி அறையறவன்.”

டாக்டர் நிமிர்ந்து அவன் கண்ணையும் நாக்கையும் பார்த்தார், கையை அசைத்துப் போகச் சொன்னார்.

கப்பல் நகர்ந்தது. எஃபி உள்ளே ஜீனைப் படுக்க வைத்தாள். டூகல்ட் வெளியே, பட்டறைக் கூரைகள் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவற்றின் இரைச்சல் அவன் காதில் விழுந்து எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் கண் கலங்கியது. எஃபி இருந்த அறையின் இரும்புச் சுவரைத் தடவினான். வரிசையாக ஆணித் தலைகள். ஒன்றின் பக்கத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, உள்ளங்கையைத் தகட்டில் பதித்துக்கொண்டு நின்றான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எஃபி தன் கல்யாண மோதிரத்தால் ஒரு தட்டு தட்டினாள்.