அப்பா கேட்ட சைசு

இப்போது போனில் இரண்டு விரலை விரித்தால் எழுத்து பெரிதாகிவிடுகிறது. 2007-ல் அதே வேலைக்கு நான் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அலைந்தேன். அந்த அலைச்சலை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். தினசரிப் பேப்பரை நான் வாசித்தால் கேட்டுக்கொள்வார். ஆனால் அம்மா தன் பிறந்த ஊரான சேத்தியாத்தோப்பிலிருந்து எழுதிய பழைய இன்லேண்ட் லெட்டர் ஒன்றை மட்டும் என்னிடம் தரமாட்டேன் என்றார்.

"கண்ணு முழுசா போறதுக்குள்ள நானே இன்னும் ஒருவாட்டி படிச்சிடணும். வேற யாரும் படிக்கக் கூடாது."

ரசம் வைக்க நான், மாத்திரை எடுத்துக் கொடுக்க நான், லெட்டர் என்று வந்தால் மட்டும் நான் வேறு யாரோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதில் இரண்டிரண்டு எழுத்தாகத்தான் தெரிந்தது, பாதி வரியிலேயே அலுத்துப்போனார். காலண்டரின் பெரிய தேதியைத் தடவிப் பார்த்து, இந்த சைசு இருந்தால் படித்துவிடுவேன் என்றார். அதற்குமேல் யாரால் கோபமாக இருக்க முடியும்?

கடலூர் முதுநகர் ஜெராக்ஸ் கடைகளில் நீலத் தாளும் நீல மையும் கலந்து சாம்பல் பூசினாற்போல வந்தது. பெரிய தாளுக்கு மெஷினும் இல்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர், போட்டோ இல்லாத போர்டா என்று சிரித்தார். சிதம்பரத்தில் கட்டட பிளான்களைப் பிரதி எடுக்கும் கடையில் ஆளகல மெஷின் இருப்பதைச் சொன்னதும் அவர்தான். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். அப்பா லெட்டரைக் கவரில் போட்டுப் பின் குத்திக் கொடுத்திருந்தார்.

சிதம்பரம் கடைக்காரரிடம், போஸ்டர் அளவுக்கு வேண்டும், ஆனால் படிக்கக் கூடாது என்றேன். எழுத்தையெல்லாம் பார்ப்பதில்லை, கோணலா நேரா என்று மட்டும்தான் பார்ப்பேன் என்றவர், "யாருக்கும்மா?" என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். சட்டென்று ரேடியோவை நிறுத்தினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், டீ வரவழைத்தார். சிதம்பரத்துக்காரர்களுக்கு என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அவர் எடுத்த பிரதி மெல்ல வெளியே வந்தது. எழுத்தெல்லாம் அருமையாக விழுந்திருந்தது. ஆனால் நாலு பக்கமும் அவராகவே பட்டையாகக் கறுப்புக் கட்டம் போட்டிருந்தார். அவரிடம் கையால் எழுதிக்கொண்டு போஸ்டருக்கு வருகிறவர்கள் எல்லாம் கண்ணீர் அஞ்சலிக்காரர்களாம். காரியம் என்றைக்கு என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"அப்பா வீட்ல இட்லி சாப்புட்டுக்கிட்டு இருக்காருங்க."

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்படி ஆனால் ஆயுசு கெட்டி என்று சொல்லிச் சொல்லி, பிளேடால் கறுப்பை அறுத்து எடுத்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் அறுத்து முடிக்கும்வரை அம்மாவின் கையெழுத்து கட்டை விரல் உயரத்தில் என் எதிரே விரிந்து கிடந்தது. கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"குழந்தை பிறந்து அஞ்சு மாசமாச்சு. பொண்ணுன்னுதான் வரலையா? ஒருதரம் வந்து முகத்தையாவது பாருங்க."

அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை. திரும்பும் வழியெல்லாம் அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொள்ளவே பிடிக்கவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் பஸ்ஸிலேயே வரிசையாகச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி, நீ படித்தாயா என்பதுதான். இல்லை என்று பொய் சொன்னேன். அவர் அறைச் சுவரில் தாளை ஒட்டிவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டார். நான் உலையில் அரிசி போட்டு வடித்தேன். பிறகு கூப்பிட்டார். சுவரில் மூக்கு உரச நின்று, அந்த வரிகளை விரல் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு தானாகவே சொன்னார்.

"கரும்பு அரவை சீசன், மில்லுல லீவு தரலன்னு பதில் போட்டேன். நான் லீவே கேக்கலம்மா. ஒம்போதாம் மாசம்தான் வந்தேன். நீ அப்ப தவழ்ந்துக்கிட்டிருந்த. என்னப் பாத்து யாரோன்னு அலறிட்டு அவகிட்ட போயிட்ட."

கேட்க வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டேன். நானும் படித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சுவரை விட்டுத் திரும்பவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, என்னை நினைத்து அல்ல. அந்த ஒன்பது மாதமும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாளே என் அம்மா, அவளை நினைத்து.