ஈரத்துணிக்குள் ஒரு முகம்

சக்கரம் எனக்கு ஒத்துவரவில்லை. மோட்டார் சக்கரம்தான், காலால் அமுக்கினால் சுற்றும், எடுத்தால் நிற்கும். நடுவில் மண்ணை அறைந்து வைத்து, ஆடாமல் நிற்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் நின்றது. என் மண் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. நானும் விடாமல் அமுக்க, ஒருநாள் அது பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு அம்மாவின் மடியில் விழுந்தது. சொல்லிக்கொடுக்கிற பெண் என்னைவிடச் சின்னவள். "அக்கா, மண்ணுகிட்ட சண்டை போடாதீங்க" என்றாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "அதுதான் என்கிட்ட போடுது" என்றேன்.

தஞ்சாவூரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கிற மண்பாண்ட வகுப்பு அது. என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்திதான் வம்படியாக என்னைச் சேர்த்துவிட்டாள். வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சண்டைதான் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

என் கணவர், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாதம், கொள்ளிடத்தில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனவர். திருப்பனந்தாளைத் தாண்டி, ஆற்றங்கரையில் பைக் நின்றது. பக்கத்தில் செருப்பு கிடந்தது. அவர் இல்லை. கோடியக்கரை வரைக்கும் மீனவர்களிடம் சொல்லி வைத்தோம். எங்கேயும் எதுவும் ஒதுங்கவில்லை.

உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் உருவம் செய்து, அதையே அவராக நினைத்துக் கொள்ளி வைத்து, காரியத்தை முடித்துவிடுவார்கள். மாமியார் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். "உருவம் வெச்சாவது பண்ணிடுவோம்மா. புள்ள அலையக் கூடாது." நான் ஒத்துக்கொள்ளவில்லை. எரிக்காதவரை அவர் காணாமல் போனவர், எரித்துவிட்டால் செத்துப்போனவர். பெற்றவளுக்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் அதை முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

சக்கரத்தை விட்டு எழுப்பி, கையாலேயே செய்கிற மேசைக்கு அந்தப் பெண் என்னை மாற்றினாள். கிண்ணம் செய்யத்தான் உட்கார்ந்தேன். விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. மூக்கு வந்தது. அப்புறம் நெற்றி, மீசை, இடது புருவத்தில் அவர் பைக்கிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு. நிமிர்ந்து பார்த்தபோது தேங்காய் அளவில் அவர் தலை மேசைமேல் இருந்தது. போட்டோவைப் பார்த்துச் செய்திருந்தால்கூட அப்படி அமைந்திருக்காது.

"இந்த மண்ணு எங்கேர்ந்தும்மா வருது?" என்று கேட்டேன்.

"கொள்ளிடத்துப் பக்கம்க்கா. ஒரு ஏரி தூர்வாரினப்ப லாரில அடிச்சோம்."

ஏரி மண்தான், ஆற்று மண் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"உள்ள கெட்டியா இருந்தா சூளையில வெடிச்சிடும்க்கா. ஈரம் வத்தி, அறுத்தா நசுங்காத பதம் வந்ததும் கொண்டு வாங்க. ரெண்டா அறுத்து, உள்ள கொடஞ்சு, ஒட்டிடலாம்" என்று சொல்லி, ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் துணியை எடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் பதம் வந்துவிடுமாம்.

வீட்டில் பிரித்ததும் மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஒத்துக்கிட்டியாம்மா?" என்றார். காரியத்துக்கான உருவத்தைத்தான் செய்துகொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். "இது கொள்ளிக்கு இல்ல அத்தை. அறுத்து, கொடஞ்சு, சூளையில வெச்சு, ஷோகேஸ்ல வெக்கிறதுக்கு" என்று கத்தினேன். அவர் முகம் வெளிறிப்போனது. "மூடி வை. என்னால பாக்க முடியல. நான் அந்த ரூம் பக்கமே வர மாட்டேன்" என்றார்.

பின்னறையில் ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் காலையில் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் துணி அதன் மேலேயே சுற்றியிருந்தது. சொட்டச் சொட்ட ஈரம். மேசையிலிருந்து தரைக்குத் தண்ணீர் ஓடியிருந்தது. நான்தான் மறந்துபோய்ச் சுற்றிவிட்டேனோ என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. மாமியார் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான், பொய் பேசிப் பார்த்ததில்லை. அதனால் நான் எதுவும் கேட்கவில்லை.

ஈரத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். முகம் மாற ஆரம்பித்தது. முதலில் புருவத்துத் தழும்பு போயிற்று. அப்புறம் மீசை மெலிந்தது. ஒட்டியிருந்த கன்னம் உப்பியது. ஒவ்வொரு சாயங்காலமும் துணியைப் பிரிக்கும்போது அவருக்கு வயது குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மீசையே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. தண்ணீரிலிருந்து அவர் ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வகுப்புக்குப் போய், மண் தானாக ஈரமாகுமா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். "தண்ணி ஊத்தாம எப்படிக்கா? ஆனா மண்ணுக்கு ஞாபகம் உண்டு. வளைச்சத நிமுத்தி வெச்சா, காயும்போது பழையபடி வளைஞ்சுக்கும்." அந்தப் பதிலும் எனக்கு உதவவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது, சக்கரமெல்லாம் நின்றது, வகுப்பு பாதியில் முடிந்தது.

வீட்டுக்கு வரும்போது உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. கதவைத் திறந்தேன். ஃபேன் ஓடாத வீட்டில் பின்னறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

"கண்ண மூடிக்கப்பா, தண்ணி படும்."

மாமியார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் தலை. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். விரலை நனைத்து, பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவதுபோல நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் வழித்துக்கொண்டிருந்தார். புடவை முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் முந்தானையால் அதை மறைத்தார்.

"காஞ்சா அறுத்துடுவேன்னு சொன்னியே" என்றார். "அதான் தண்ணி காட்டிக்கிட்டே இருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையை மெதுவாக விலக்கினேன். நான் செய்த முகம் அதில் துளிகூட இல்லை. உப்பிய கன்னமும் சப்பை மூக்குமாக யாரோ ஒரு பையன். அந்த வயதில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. இத்தனை நாளும் அவர் தண்ணீரிலிருந்து பேசுகிறார் என்று நம்பியிருந்தேனே, அது உள்ளுக்குள் சத்தமில்லாமல் விட்டுப்போயிற்று. அவர் வரப்போவதில்லை. மாமியாரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழுது முடித்ததும் தெளிவாகவே சொன்னேன். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் இப்படியே கிடந்தால் இரண்டு பேருக்கும் பைத்தியம்தான் பிடிக்கும் என்று எனக்குப் பட்டது.

"அத்தை, நீங்க சொன்னதுதான் சரி. காரியத்துக்கு நாள் பாக்கச் சொல்லுங்க. இதையே வெச்சுப் பண்ணிடுவோம்."

மாமியார் அந்த மண் தலையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"இப்ப எப்படிம்மா?" என்றார். "பாரு, மீசைகூட மொளைக்கல. சின்னப் புள்ளைக்குக் கொள்ளி வெக்க மாட்டாங்கம்மா."