பொட்டு பின்பக்கம் மட்டும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் தம்பியின் வணக்கம். கட்டுரை அடக்கமாக, வரிசையாக இருக்க வேண்டும் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வரிசையாக எழுத வேண்டுமானால் அக்கா கொஞ்சமாவது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமே! நான் பேனாவைத் திறப்பதற்குள் அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். பின்னாலேயே ஓடித்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உங்களுக்காக எழுதுவதுதான், ஆனால் என் மனசு முழுக்க அம்மாவிடம் இருக்கிறது. சர்க்கரை நோயால் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. அச்சில் வரும் எழுத்து பிடிபடாது. அக்கா கொடுத்த ரீடர் என்ற கருவியில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துத்தான் படிப்பார். அக்கா போனதிலிருந்து அந்தக் கருவி அக்காவின் படத்துக்கு முன்னால், பூவுக்கு நடுவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார். படிப்பதற்கு மட்டும் எடுப்பதில்லை. அம்மா அதைத் திரும்பக் கையில் எடுப்பாரா என்பதுதான் இந்த ஒரு வருடமாக என்னைப் படுத்தும் கவலை.

அக்கா பிறந்தது சிங்காரப்பேட்டையில். அப்பா தக்காளி ஏற்றும் வண்டி ஓட்டினார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். கல்லூரிப் பேச்சு அத்தோடு போயிற்று. ஓசூரில் மின்னணுச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெண்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அக்கா ஒரு பையோடு பஸ் ஏறினார். அவர் அனுப்பிய சம்பளத்தில்தான் நான் ஐ.டி.ஐ. முடித்தேன். பிறகு அம்மாவையும் என்னையும் ஓசூருக்கே அழைத்துக்கொண்டார். மாமாவுக்குப் போச்சம்பள்ளியில் வேலை. கல்யாணம் ஆன பிறகும் மாமா கம்பெனி பஸ்ஸில் அந்தப் பக்கம், அக்கா கம்பெனி பஸ்ஸில் இந்தப் பக்கம் என்றுதான் போனார்கள்.

தொழிற்சாலையில் அக்காவுக்குப் பூதக்கண்ணாடி வழியாகச் சர்க்யூட் பலகைகளைப் பார்க்கும் வேலை. பற்றவைத்தது சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நின்றபடியே பார்க்க வேண்டும். நல்ல பெயர்தான் எடுத்தார். ஆனால் நிற்க வைத்தால் நிற்கிற ஆளா அவர்? ஒரு நாள் வேலைமுறை எழுதிய தாள்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஆளுக்கொரு தொடுதிரை டேப் மாட்டினார்களாம். எழுதத் தயங்கும் பெண்கள்கூட அதை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்ததை அக்கா கவனித்தார். வீட்டுக்கு வந்ததும், இது எல்லா வீட்டுக்கும் வரப்போகிறது, நான் விற்கப் போகிறேன் என்றார். அப்போது ஓசூரில் டேப் என்றால் பாதிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. நிரந்தர வேலையை விடுவதா என்று அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துக்கொண்டார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நின்னு நின்னு காலு மரத்துப் போனா பரவால்லம்மா. மனசு மரத்துருச்சுன்னா என்னா பண்றது, சொல்லு?"

அக்கா வேலையை விட்டுவிட்டார்.

ஓசூரை அடுத்த பாகலூரில் துணி வியாபாரம் செய்யும் ரஹீம் பாய், தன் கடைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையை அக்காவுக்கு வாடகைக்கு விட்டார். அந்தப் பக்கம் மாவு மில். மில் ஓடினால் கண்ணாடிப் பெட்டிக்குள் டேப்புகள் எல்லாம் நடுங்கும், மேலே மாவு படியும். அக்கா துடைத்துக்கொண்டே விற்பார். கடையில் இருந்ததைவிட வெளியில் அலைந்ததே அதிகம். ரோஜாத் தோட்டக்காரரிடம் கன்னடத்தில் பேசுவார், கோழிப்பண்ணைக்காரரிடம் தெலுங்கில் பேசுவார், நம் ஆட்களிடம் அவரவர் ஊர்ப் பேச்சில் பேசுவார். மூன்று மொழியிலும் தப்புத் தப்பாகப் பேசினார் என்று நான் கேலி செய்வேன். அந்தத் தப்பைத் திருத்துகிற சாக்கில் வாடிக்கையாளர் உட்கார்ந்துவிடுவார், உட்கார்ந்தால் வாங்கிவிடுவார்.

அவர் பிடித்த வியாபாரமும் அவரைப் போலவேதான், ஓரிடத்தில் நிற்காது. பிள்ளைகள் படிக்கும் என்று பெற்றோர் ஆசையாக டேப் வாங்கினார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள். புது மாடல் வந்து சேருமுன் அதற்கும் புதிது வந்துவிடும். அப்புறம் போனே கையகலம் ஆனது, டேப் எதற்கு என்றார்கள். அடுத்து இணையத்தில் மலிவு விலை வந்தது. அக்காவின் கடையில் தொட்டுப் பார்த்து, எல்லாச் சந்தேகமும் கேட்டுவிட்டு, அங்கேயே நின்று போனில் ஆர்டர் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா கோபப்படவில்லை. "வாங்குறது எங்கயோ வாங்கட்டும்டா. எழுத்தப் பெருசாக்க எங்கிட்டத்தான வரணும்" என்பார். வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் எல்லாம் திரைக்குள் போயிற்று. நேற்றுவரை எதற்கு என்று கேட்டவர்கள் அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சரக்கு பெங்களூரில், வாங்குபவர்கள் இங்கே, நடுவில் மாநில எல்லை மூடிக் கிடந்தது. அத்திப்பள்ளித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் வந்து நிற்பார், இந்தப் பக்கம் அக்கா. காவலர்களிடம் கன்னடத்தில் கெஞ்சி, தடுப்புக்கு மேலாக ஒவ்வொரு பெட்டியாக வாங்கி ஸ்கூட்டரில் கட்டுவார். மாமா பயந்தே போய்விட்டார். பாகலூர்ப் பிள்ளைகள் பலர் அந்த வருடப் பாடத்தைப் படித்தது அப்படி வந்த பெட்டிகளில்தான்.

பள்ளி திறந்ததும் டேப்புகள் பீரோவுக்குப் போயின. நாங்கள் எல்லாரும், போதும், கடையை மூடு என்றோம். அக்கா பெங்களூர் போய், படிக்க மட்டுமே ஆகிற ரீடர்களை வாங்கி வந்தார். கறுப்பு வெள்ளைத் திரை. பார்க்க வந்தவர்கள் படம் வருமா, பாட்டு வருமா, விளையாட்டு உண்டா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் எவர்தான் வாங்குவார்? போதாக்குறைக்குத் தமிழ் எழுத்து அதில் முதலில் உடைந்து உடைந்து வந்தது. விநியோகம் செய்பவரைப் போனில் விடாமல் பிடித்து அதைச் சரிசெய்ய வைத்தார் அக்கா. ஆனாலும் ஒன்றுகூட விற்கவில்லை. மாமா சாப்பாட்டின்போது பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் அம்மாவுக்குக் கண் மோசமானது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு பிடிப்பதையும் விட்டுவிட்டார். அக்கா ஒரு ரீடரை எடுத்து, எழுத்தை உளுந்து உளுந்தாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா ஒரு பக்கம் படித்தார், தள்ளினார், அடுத்த பக்கம் படித்தார். அப்புறம் நிமிர்ந்து, "இன்னும் எத்தினி பக்கம் இருக்குது?" என்று கேட்டார். கதை முடிந்துவிடுமோ என்ற பயம் அம்மாவுக்கு எப்போதும் உண்டு. முடியட்டும், அடுத்தது ஏற்றித் தருகிறேன் என்று அக்கா சிரித்தார். அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் அதன் பிறகு எங்கள் வீட்டில் அன்றாடம் ஆகிவிட்டன.

மறுநாளே அக்கா அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். பெற்ற தாயை விளம்பரப் பலகை ஆக்குகிறாயே என்று நான் சண்டை போட்டேன். அம்மாவுக்கோ ஏகப்பட்ட குஷி. தெருவே பார்க்க, கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டிருப்பார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மாவு அரைக்க வந்தவர், சட்டியோடு நின்று பார்த்தார். அதுதான் முதல் விற்பனை. வாங்கப் போவது படிக்கிற பிள்ளைகள் அல்ல, கண் மங்கிய பெரியவர்கள் என்பது அக்காவுக்கு அன்று புரிந்துவிட்டது. பிறகு வேலைக்குப் போகிற பிள்ளைகள் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். மாமா மறுபடியும் சாப்பாட்டின்போது பேசத் தொடங்கினார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. நம் மக்கள் லேத் மெஷினுக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைப்பவர்கள், ரீடரை விடுவார்களா? தலை எங்கே, வால் எங்கே என்று பாராமல் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டார்கள். பலர் சார்ஜ் ஏற்றும் துளைக்கு மேலேயே வைத்திருந்தார்கள், நெற்றி மாதிரி அதுதான் நடுவில் இருக்கிறதாம். பூஜை முடிந்து கடை திறந்தால் வரிசை நிற்கிறது. ஒன்றிலும் சார்ஜ் ஏறவில்லை. உள்ளே ஈரம் போனதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டது. வரிசையின் கடைசியில் அம்மாவும் தன்னுடையதை வைத்துக்கொண்டு நின்றார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ்ஷையும் ஒரு மரக்குச்சியையும் எடுத்து, பழைய பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, ஒவ்வொன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தார். தொழிற்சாலையில் நின்ற வருடங்கள் அன்றுதான் உதவின என்றார். அப்புறம் விற்ற பெட்டிகளில் எல்லாம் அவரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்: பொட்டு பின்பக்கம் மட்டும்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. பெங்களூர் மருத்துவமனையில் அக்காவைப் படுக்க வைப்பதே பெரும்பாடு. நர்ஸ் கையில் நோயாளிகளின் விவரம் பதியும் டேப் இருந்தது. அதன் உறை கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நல்ல உறை நான் தருகிறேன் என்று வியாபாரம் பேசினார். மாமா வெளியே போய் அழுதுவிட்டு வந்தார். கடைசியாக என்னிடம் தெளிவாகப் பேசியது ஒரு காலை நேரம்.

"அம்மா எது வரைக்கும் படிச்சிருக்காங்க?"

முடியப் போகிறது என்றேன்.

"முடிக்கிறதுக்குள்ள அடுத்தத ஏத்திடுடா. கையில ஒண்ணும் இல்லாம உக்காரக் கூடாது அவங்க."

ஏற்றினேன். அம்மா அதைத் திறப்பதற்குள் அக்கா போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். போனவருக்குப் பிடித்ததைப் படத்துக்கு முன்னால் வைப்பது நம் வழக்கம். அம்மா ரீடரை வைத்துவிட்டார். நான் இரண்டொரு முறை கேட்டுப் பார்த்தேன். அது பெரியவளோடது, அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா கேட்டது அதுவல்லவே என்று எனக்கு வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். ஷிஃப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், யார் மேல் என்று தெரியாது.

கட்டுரையை இதுவரை எழுதி முடித்ததும் ஒரு காரியம் செய்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது ரீடரைப் படத்துக்கு முன்னாலிருந்து எடுத்தேன். துளை முழுக்கக் குங்குமம் இறுகிக் கிடந்தது. அக்காவின் பிரஷ், அக்காவின் குச்சி, அக்காவின் பூதக்கண்ணாடி. சுரண்டச் சுரண்டச் சிவப்பாக உதிர்ந்தது. சார்ஜ் ஏறும் அடையாளம் தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. நீங்கள் இதுவரை படித்ததை அதில் ஏற்றி, எழுத்தை உளுந்தளவு ஆக்கி, அம்மாவின் நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அம்மா வந்தார். படத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். சிங்காரப்பேட்டை, தொழிற்சாலை, மாவு மில், அத்திப்பள்ளி எல்லாம் போனது. பொட்டுக் கதை வந்தபோது சிரித்த சத்தம் கேட்டது. அப்புறம் வீடே அமைதியாகிவிட்டது.

அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல் நான் வெளியே வருவதற்குள், மலர் அச்சுக்குப் போகுமுன் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லிவிடுகிறேன். வாடகை உயர்த்தாமலும், அக்கா படுத்த பிறகு தானே ஷட்டரைத் திறந்து மூடியும் கடையைக் காத்த ரஹீம் பாய்க்கும், பெங்களூரில் தங்க இடம் கொடுத்த அத்தைக்கும், ரத்தம் கொடுக்கப் பேருந்து பிடித்து வந்த மாமாவின் தொழிற்சாலை நண்பர்களுக்கும், அக்காவின் கன்னடத்தைக் கடைசி வரை திருத்திக்கொண்டிருந்த நர்ஸ் அம்மாவுக்கும், தங்கள் ரீடரோடு வந்து துக்கம் கேட்ட பாகலூர்ப் பெரியவர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் வெளியே வந்தபோது அம்மா மருத்துவமனை வரும் இடத்தில் நிறுத்தியிருந்தார். விரல் திரைக்கு மேலேயே நின்றது.

"இன்னும் எத்தினி பக்கம்டா இருக்குது?"

கொஞ்சம்தான் அம்மா என்றேன்.

அம்மா தலையை ஆட்டினார். பிறகு விரலை எதிர்ப்பக்கம் தள்ள ஆரம்பித்தார். ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் போனது. மாவு மில்லைத் தாண்டி, தொழிற்சாலையைத் தாண்டி, அக்கா ஒரு பையோடு பஸ் ஏறுகிற இடத்துக்கு வந்து நின்றார்.

"இங்கேருந்து படிக்கிறேன். இவ இப்பத்தான கெளம்பறா" என்றார்.